எதிரிக்காகவும் முழு மனதோடு நின்றவர்

(நமது சங்கத்தின் மாதாந்திரத் திரைப்பட மாலையில், 'பிரிட்ஜ் ஆஃப் ஸ்பைஸ்' படம் முடிந்ததும் சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்த்த பிறகும் எழுந்து போகாமல் இருக்கும் நண்பர்களே! காபி வந்து சேரும்வரைதான் பேசுவேன் என்று மகளிர் குழுவிடம் சொல்லியிருக்கிறேன். வங்கிக்காரன் சொன்ன கெடு, தவறாது.

"சார், த்ரில்லர் படம்னு நோட்டீஸ் போர்டுல போட்டீங்க. சண்டை எங்கே, சேஸிங் எங்கே?" என்று இடைவேளையில் பி பிளாக் தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தப் படத்தின் நாயகன் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை. பெர்லின் குளிரில் நாலு பையன்கள் அவருடைய கோட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள், பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறார். அப்புறம் படம் முடியும்வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறார். ஆனாலும் கடைசி இருபது நிமிடம் இந்தக் கூடத்தில் ஒரு மொபைல்கூட ஒளிரவில்லை. நான் கவனித்தேன். அந்த ஆளிடம் என்ன இருந்தது என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

தாமதமாக வந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 2015ல் வந்த படம். நடந்த கதை. 1957ல் நியூயார்க்கில் ருடால்ஃப் ஏபெல் என்ற பெயரில் வாழ்ந்த சோவியத் உளவாளியைப் பிடிக்கிறார்கள். அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒருவர் மீது ஒருவர் எப்போது அணுகுண்டு போடுவார்களோ என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மேஜைக்கு அடியில் ஒளியப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த காலம். அந்த உளவாளிக்கு ஒரு வக்கீல் வேண்டும். வழக்கறிஞர் சங்கம் ஜேம்ஸ் டோனவன் என்பவரைக் கேட்கிறது. டாம் ஹாங்க்ஸ் நடித்த பாத்திரம். ஏபெலாக நடித்த மார்க் ரைலன்ஸுக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. அவர் பேசிய வசனத்தை எல்லாம் ஒரு முழுத்தாளில் எழுதிவிடலாம். அந்த அளவுக்கு அமைதியான நடிப்பு.

1960 மே 1ஆம் தேதி, பிரான்சிஸ் கேரி பவர்ஸ் என்ற அமெரிக்க விமானி ஓட்டிச் சென்ற யு-2 உளவு விமானத்தைச் சோவியத் படை சுட்டு வீழ்த்துகிறது. விமானி உயிரோடு பிடிபடுகிறார். 1961ல் பெர்லின் சுவர் எழுகிறது. அந்தச் சமயத்தில் ஃபிரெடரிக் பிரையர் என்ற அமெரிக்கப் பொருளாதார ஆராய்ச்சி மாணவரைக் கிழக்கு ஜெர்மனி பிடித்து வைத்துக்கொள்கிறது. ஏபெலைக் கொடுத்துவிட்டு விமானியை மீட்டு வர டோனவன் போகிறார். 1962 பிப்ரவரி 10ஆம் தேதி கிளீனிக் பாலத்தில் கைதிகள் கைமாறுகிறார்கள். இதுதான் கதை.

இன்சூரன்ஸ் வக்கீல்

டோனவன் நமக்கு எப்படி அறிமுகமாகிறார், நினைவிருக்கிறதா? ஒரு கிளப்பில் உட்கார்ந்து இன்சூரன்ஸ் கிளெய்ம் பற்றிப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு கார் மோதி ஐந்து மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அடி. ஐந்து பேர் என்பதால் ஐந்து விபத்து என்கிறார் எதிர்த்தரப்பு வக்கீல். டோனவன் இன்சூரன்ஸ் கம்பெனியின் பக்கம். "கார் ஒன்று, மோதியது ஒரு தடவை, ஆகவே விபத்து ஒன்றுதான். ஐந்து என்று கணக்குப் போட ஆரம்பித்தால் இன்சூரன்ஸ் தொழிலே நடக்காது" என்று அடித்துப் பேசுகிறார்.

அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு இந்த மனிதர் மீது பெரிய மரியாதை எதுவும் வரவில்லை. கம்பெனிக்குப் பணம் மிச்சம் பிடிக்கிற கெட்டிக்கார ஆள், அவ்வளவுதான். ஸ்பீல்பெர்க் அவரைத் தியாகியாகக் காட்டித் தொடங்கவில்லை. நம் பக்கத்து ஃபிளாட்டில் இருக்கக்கூடிய ஒருவராகக் காட்டுகிறார். நல்ல வருமானம், மனைவி, பிள்ளைகள், ரயிலில் பேப்பர் படிக்கிற பழக்கம். ஷரத்துகளைக் கரைத்துக் குடித்த மனிதர். இவரிடம்தான் அந்த வேலை வருகிறது.

பேருக்கு ஒரு வக்கீல்

வேலையைக் கொடுத்தவர்கள் எல்லோரும் அவரிடம் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. கைதிக்கு வக்கீல் இருந்தார் என்று ரெக்கார்டில் வர வேண்டும். அமெரிக்காவில் நீதி முறைப்படி நடக்கிறது என்று உலகத்துக்குக் காட்ட வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை, தோற்பதுதான் நல்லது. நீதிபதியே அவரைத் தனியாகக் கூப்பிட்டு, முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதானே, இழுக்காதீர்கள் என்கிற தோரணையில் பேசுகிறார்.

அப்படி ஒரு வேலை வந்தால் நம்மில் முக்கால்வாசிப் பேர் என்ன செய்வோம்? ஏற்றுக்கொண்டு, நாலு கையெழுத்தைப் போட்டு, "நான் என் கடமையைச் செய்துவிட்டேன்" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவோம். யாரும் குறை சொல்லப் போவதில்லை. டோனவனுக்கும் அந்த வழி திறந்தே இருந்தது. அவர் அதில் போகவில்லை. ஃபைலைத் திறந்து படிக்கிறார். ஏபெல் தங்கியிருந்த அறையைச் சோதனை போட்டார்களே, அதற்கு முறையான கோர்ட் வாரண்ட் இருந்ததா என்று தேடுகிறார். இல்லை. குடியேற்றத் துறையின் நிர்வாக ஆணையை வைத்துக் கைது செய்து, அந்தச் சாக்கில் அறையையும் சோதனை போட்டிருக்கிறார்கள். அங்கே கிடைத்த சாட்சியங்கள் செல்லாது என்று வாதாடுகிறார்.

ஏபெல் உளவாளி இல்லை என்று டோனவன் நம்பினாரா? நம்பவில்லை என்றே நினைக்கிறேன். அதைத் தீர்மானிப்பது தன் வேலை என்றும் அவர் நினைக்கவில்லை. அவருடைய நேர்மையில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். கட்சிக்காரன் நல்லவன் என்பதற்காக ஒருவன் நன்றாக வேலை செய்வது பெரிய விஷயம் இல்லை. கட்சிக்காரன் யாராக இருந்தாலும் வேலையில் குறை வைக்காமல் இருப்பது பெரிய விஷயம்.

மழையில் நடந்த பேச்சு

ஒரு ராத்திரி மழையில் சி.ஐ.ஏ. அதிகாரி ஹாஃப்மன் அவரைப் பின்தொடர்ந்து வருகிறார். ஏபெல் உங்களிடம் என்ன சொன்னார் என்று கேட்கிறார். கட்சிக்காரர் சொன்னதை வெளியில் சொல்ல மாட்டேன் என்கிறார் டோனவன். நாட்டின் பாதுகாப்பு விஷயம், இங்கே ரூல் புக் எல்லாம் கிடையாது என்று ஹாஃப்மன் மடக்கப் பார்க்கிறார். அதற்கு டோனவன் சொன்ன பதிலின் சாரம் இது: உங்கள் முன்னோர் ஜெர்மனியில் இருந்து வந்தவர்கள், என் முன்னோர் அயர்லாந்தில் இருந்து வந்தவர்கள். நம் இருவரையும் அமெரிக்கர்களாக ஆக்குவது எது? ஒரே ஒரு ரூல் புக், அரசியல் சட்டம். அது இல்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

வங்கியில் முப்பத்து நாலு வருஷம் கிளார்க்காக இருந்தவன் நான். 'ரூல் புக்' என்ற வார்த்தையைக் கேட்டால் எங்களுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு என்பது நினைவுக்கு வரும். "கையெழுத்து பொருந்தலை, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புகிற ஆட்கள்! ஆனால் ரூல் புக்குக்கு இன்னொரு முகம் இருக்கிறது. அதை நான் பார்த்திருக்கிறேன்.

வங்கி ஊழியர்களுக்கு 1966ல் கையெழுத்தான இருதரப்பு ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. ஓர் ஊழியர் மீது குற்றச்சாட்டு வந்தால் எடுத்த எடுப்பில் வேலையை விட்டு அனுப்ப முடியாது. சார்ஜ் ஷீட் கொடுக்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும், அவர் சார்பாகப் பேச அவருடைய தொழிற்சங்கத்தின் பிரதிநிதி ஒருவரை அனுமதிக்க வேண்டும். நான் சங்கத்தில் அந்தப் பிரதிநிதி வேலையைச் சில ஆண்டுகள் பார்த்தேன். ஒரு கிளையில் சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது பத்தாயிரம் ரூபாய் குறைந்தது. தொண்ணூறுகளில் அது பெரிய தொகை. கேஷ் அறைக்குப் போய் வந்தவர்கள் ஐந்து பேர். சந்தேகம் மட்டும் கடைநிலை ஊழியர் ஒருவர் மீது விழுந்தது. அவருக்குக் கடன் இருந்தது எல்லோருக்கும் தெரியும், அதுதான் காரணம்.

மறுநாளில் இருந்து கேண்டீனில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் அவருக்காக ஆஜராகப் போகிறேன் என்று தெரிந்ததும், கூட வேலை பார்த்தவர்களே, "ஏன் சார் அந்தத் திருடனுக்குப் போய்?" என்றார்கள். விசாரணைக்கு முன்பே பெயர் வைத்தாகிவிட்டது! எட்டு மாதம் விசாரணை நடந்தது. மற்ற நாலு பேரிடமும் ஏன் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை என்பதுதான் என் வாதம். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. பணத்தை எடுத்தது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. அவர் எடுக்கவே இல்லை என்று நான் இன்றைக்கும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன். எடுத்தார் என்று காட்ட ஒரு வவுச்சர், ஒரு துண்டுச் சீட்டு, ஒரு சாட்சி கிடையாது. ஒருவனுடைய சோற்றில் கை வைக்க வேண்டும் என்றால் அதாவது இருக்க வேண்டாமா?

டோனவனின் முகத்தில் அந்த மழையில் தெரிந்த எரிச்சல் எனக்கு நன்றாகப் புரிந்தது.

ஐந்துக்கு நாலு

ஏபெலுக்கு மரண தண்டனை வேண்டும் என்று ஊரே கேட்டது. டோனவன் நீதிபதியிடம் போய் வேறு ஒரு கணக்கைச் சொன்னார். நாளைக்கு நம் ஆள் ஒருவன் அவர்களிடம் மாட்டினால், பதிலுக்குக் கொடுக்க நம் கையில் ஒருவர் இருக்க வேண்டாமா? இவரை உயிரோடு வைத்திருப்பது நாட்டுக்கு ஒரு இன்சூரன்ஸ் என்றார். தன் தொழிலின் புத்தியை அப்படியே கொண்டுபோய் ஓர் உயிரைக் காப்பாற்றினார். 30 ஆண்டு சிறைத் தண்டனையோடு முடிந்தது. இரண்டரை ஆண்டுக்குப் பிறகு யு-2 விமானி பிடிபட்டபோது அவர் சொன்னது அப்படியே பலித்தது.

அத்தோடு நிறுத்திக்கொள் என்றார்கள் அலுவலகக் கூட்டாளிகள். அவர் நிறுத்தவில்லை. அந்த வாரண்ட் விஷயத்தை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனார். 1960 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் அரசின் பக்கம், நாலு நீதிபதிகள் அவர் பக்கம். ஒரே ஓட்டில் தோற்றார். யோசித்துப் பாருங்கள். நாடே வெறுத்த ஒரு ரஷ்ய உளவாளிக்காக, அமெரிக்காவின் தலைமை நீதிபதி உட்பட நாலு பேரை "இது சரியில்லை" என்று எழுத வைத்திருக்கிறார். பேருக்கு வாதாடிய வக்கீலால் அது முடியுமா?

இன்னொரு செய்தி, படத்தில் இல்லாதது. அந்த வழக்குக்காகக் கிடைத்த பத்தாயிரம் டாலர் கட்டணத்தை அவர் வைத்துக்கொள்ளவில்லை, பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்துவிட்டார்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். 2010 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு, நம் கோயம்புத்தூரில் தொடங்கிய விவகாரத்தில் வந்தது. அங்கே வழக்கறிஞர்களுக்கும் போலீஸாருக்கும் மோதல். சம்பந்தப்பட்ட போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர்கள் சங்கம் தீர்மானம் போட்டது. இப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லாம் செல்லாது, குற்றம் சாட்டப்பட்டவர் யாராக இருந்தாலும் அவருக்கு வக்கீல் கிடைத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவும் கைதானவருக்குத் தன் விருப்பப்படி வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுக்கிறது. டோனவன் காட்டிய ரூல் புக் நம் அலமாரியிலும் இருக்கிறது.

ஒன்றா, இரண்டா?

படத்தின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பெர்லினில் இரண்டு கடைக்காரர்கள். விமானி பவர்ஸ் ரஷ்யர்களின் கையில். மாணவர் பிரையர் கிழக்கு ஜெர்மானியர்களின் கையில். டோனவன் கையில் இருப்பது ஏபெல் என்ற ஒரே ஒரு சரக்கு. சி.ஐ.ஏ.வுக்கு வேண்டியது விமானி மட்டும், ஏனென்றால் அவருக்கு ரகசியங்கள் தெரியும். மாணவருக்கு என்ன தெரியும்? கம்யூனிஸ்ட் நாடுகளின் வெளிநாட்டு வர்த்தகம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவர். வணிகவியல் படித்த எனக்குச் சுவாரஸ்யமான தலைப்பு, ஆனால் எந்த அரசாங்கமும் அதற்காக ஓர் உளவாளியை விட்டுக்கொடுக்காது! "அந்தப் பையனை மறந்துவிடுங்கள்" என்று சொல்லியே அனுப்புகிறார்கள்.

டோனவன் மறக்கவில்லை. சளியோடு, கடன் வாங்கிய கோட்டோடு, இங்கும் அங்கும் அலைகிறார். இருவரும் வந்தால்தான் ஏபெல் வருவார், ஒருவர் குறைந்தாலும் பேரம் இல்லை என்கிறார். கிழக்கு ஜெர்மானிய அதிகாரியின் அலுவலகத்தில் இருந்த இளம் உதவியாளன் மூலம் சேதி அனுப்புகிறார். பேரம் முறிந்தால், ஏன் முறிந்தது என்று ரஷ்யர்களுக்கு உங்கள் முதலாளிதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்கிறார். சாது மாதிரி தெரிகிற ஆள், எவ்வளவு அழகாகக் காய் நகர்த்துகிறார் பாருங்கள். நேர்மையானவன் என்றால் ஏமாளி என்று ஓர் எண்ணம் நம்மிடம் இருக்கிறது. டோனவன் ஏமாளி இல்லை. மிரட்டத் தெரியும், பூச்சாண்டி காட்டத் தெரியும். யாருக்காக அதைச் செய்கிறார் என்பதில்தான் வித்தியாசம்.

இப்போது அந்த முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். அடிபட்ட ஐந்து பேரை "ஒரே விபத்து" என்று ஒன்றாகச் சேர்த்துக் கணக்கை முடித்த அதே வக்கீல், பெர்லினில் இரண்டு பேரை ஒன்றாகக் குறைக்க மாட்டேன் என்கிறார். விமானி ஒருவர், மாணவர் ஒருவர், இரண்டு உயிர், இரண்டு கணக்கு. இயக்குநர் இதை விளக்கிச் சொல்லவில்லை. ஆனால் படம் முழுவதும் இந்த மனிதர் கடந்து வந்த தூரம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கடைசிக் காட்சி. அதிகாலைக் குளிர், பாலம். விமானி எதிர்ப்பக்கம் நிற்கிறார். மாணவர் வேறொரு சோதனைச் சாவடியில் ஒப்படைக்கப்பட வேண்டும், இன்னும் சேதி வரவில்லை. "நம் ஆள் வந்தாயிற்று, ஏபெலைப் போகச் சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்துகிறார் ஹாஃப்மன். டோனவன் காத்திருக்கலாம் என்கிறார். ஹாஃப்மன் நேராக ஏபெலிடமே சொல்கிறார், நீங்கள் போகலாம் என்று. ஏபெல் டோனவனைப் பார்க்கிறார். தன்னை விடுதலை செய்கிற கோடு பத்தடியில் இருக்கிறது. நான் காத்திருக்கிறேன் என்கிறார். கொஞ்ச நேரத்தில் தொலைபேசியில் சேதி வருகிறது, மாணவர் வந்துவிட்டார்.

எதிரி நாட்டு உளவாளி, முன்பின் தெரியாத ஓர் அமெரிக்கப் பையனுக்காகக் குளிரில் நிற்கிறான். ஏன்? தனக்காக ஒருவர் முழு மனதோடு நின்றதை அவன் பார்த்திருக்கிறான். சிறையில் ஏபெல் ஒரு கதை சொல்வாரே, சின்ன வயதில் தன் வீட்டுக்கு வந்த ஒருவர், சிப்பாய்கள் அடிக்க அடிக்க எழுந்து எழுந்து நின்றார், கடைசியில் அடித்தவர்களே ஓய்ந்து விட்டுவிட்டார்கள் என்று. உங்களைப் பார்த்தால் அவர் ஞாபகம் வருகிறது என்று டோனவனிடம் சொல்கிறார். நேர்மை என்பது தொற்றிக்கொள்ளும் விஷயம் என்பதைப் பாலத்தில் நாம் பார்த்தோம்.

திரும்பும் விமானத்தில் யாரும் அந்த விமானியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரகசியத்தைச் சொல்லிவிட்டிருப்பார் என்று சந்தேகம். நான் எதையும் சொல்லவில்லை என்கிறார் அவர், பரிதாபமாக. டோனவன் சொல்லும் ஆறுதல் என்ன? மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது முக்கியமில்லை, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வார்த்தை அவருக்கும் சேர்த்துத்தான். ரயிலில் முறைத்துப் பார்க்கப்பட்டவர் அவர்.

படமும் நிஜமும்

படத்தில் இருப்பதெல்லாம் அப்படியே நடந்தவை அல்ல. டோனவன் வீட்டு ஜன்னலில் துப்பாக்கியால் சுடுவதாகக் காட்டுகிறார்களே, அது சினிமாவுக்காகச் சேர்த்தது. நிஜத்தில் வந்தவை வசைக் கடிதங்களும் தொலைபேசி மிரட்டல்களும். கைதுக்கும் பாலத்துக்கும் இடையில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். படம் அதைச் சில மாதங்கள்போல ஓட்டிவிடுகிறது. ஆனால் அந்த ஐந்து ஆண்டுகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. ஒரு நாள் வீரம் காட்டலாம். ஐந்து வருஷம் விடாமல் ஒரே வேலையைச் செய்வது கடினம்.

அத்தோடும் முடியவில்லை. அதே 1962ல் அவர் கியூபாவுக்குப் போய் ஃபிடல் காஸ்ட்ரோவிடம் பேசி, பிடிபட்டிருந்த 1,113 பேரின் விடுதலைக்கு வழி செய்தார். பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்தபோது குடும்பத்தார், மற்றவர்கள் என 9,703 பேர் வெளியே வந்திருந்தார்கள். பெரிய பதவி எதிலும் உட்கார்ந்து செய்யவில்லை. 1970ல், 53 வயதில் காலமானார்.

நம் கேட்டுக்கு வருகிறேன்

காபி வாசனை வந்துவிட்டது. இன்னும் ஐந்து நிமிடம்.

அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரப் போகிறது. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், டிரைவர்கள், இஸ்திரி போடுகிறவர், இவர்களுடைய கேட் பாஸை எப்போது ரத்து செய்யலாம் என்பது பற்றி. இப்போது எப்படி நடக்கிறது? ஒரு வீட்டில் பொருள் காணவில்லை என்றால் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது, கூடவே படம். ஒரு மணி நேரத்தில் இருபது பேர் கைகூப்புகிறார்கள், முப்பது பேர் நன்றி சொல்கிறார்கள். ராத்திரிக்குள் செக்யூரிட்டி அந்தப் பெயரைப் பிளாக் செய்துவிடுகிறார். கடந்த இரண்டு ஆண்டில் மூன்று முறை இப்படி நடந்திருக்கிறது. பழைய பழக்கம் போகவில்லை, நான் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும், "நீ என்ன சொல்கிறாய் அம்மா?" என்று சம்பந்தப்பட்டவரைக் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை.

பாதுகாப்பு முக்கியம் இல்லையா என்று கேட்பீர்கள். முக்கியம்தான். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் இங்கே நிறைய, என் வீடும் அதில் ஒன்று. நாம் என்ன கோர்ட்டா, விசாரணை நடத்த என்றும் கேட்பீர்கள். கோர்ட் இல்லை. ஆனால் நாலு வீட்டில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் பாஸை ரத்து செய்தால், ஒரு வீட்டின் புகாரால் நாலு வீட்டுச் சம்பளமும் அன்று ராத்திரியே போகிறது. அந்தத் தண்டனையைக் கொடுக்கிற அதிகாரத்தை நாம் வைத்திருக்கிறோம். தண்டனை கொடுக்க நமக்கு அதிகாரம் உண்டு, கேட்க மட்டும் நாம் கோர்ட் இல்லை என்றால், அது ஹாஃப்மன் பேசிய பேச்சு.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. தீர்மானத்தில் நாலு வரி சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று, புகார் என்ன என்பதைச் சம்பந்தப்பட்டவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். இரண்டு, புகார் கொடுத்தவர் அல்லாத இரண்டு உறுப்பினர்கள் ஏழு நாளுக்குள் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அதுவரை புகார் செய்த வீட்டுக்கு மட்டும் அவர் போக வேண்டாம், மற்ற வீடுகள் அவரவர் விருப்பம். மூன்று, தனக்காகப் பேச அவர் யாரை வேண்டுமானாலும் அழைத்து வரலாம். நாலு, தவறு இல்லை என்று தெரிந்தால், எந்தக் குழுவில் படம் போட்டோமோ அதே குழுவில் அதையும் போட வேண்டும். போலீஸுக்குப் போக வேண்டியது போலீஸுக்குப் போகட்டும், அதை யாரும் தடுக்கவில்லை.

மூன்றாவது வரிக்கு ஆள் கிடைக்குமா என்று செயலாளர் கேட்டார். யாரும் வராவிட்டால் நான் உட்காருகிறேன். அனுபவம் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை. பேருக்கு உட்கார மாட்டேன். கேள்வி கேட்பேன். உங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

பொதுக்குழு நாளில் கோரம் சேராமல் தள்ளிப் போடுவது நம் வழக்கம். இந்த முறை வாருங்கள். எதிர்த்து ஓட்டுப் போடுவதாக இருந்தாலும் வாருங்கள்.